நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்

பொருளைக் கையேற்பவர் பொதியைப் பிரித்து, கட்டளையில் உள்ள விவரங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, குறையில்லை என்று கண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். களஞ்சிய வேலைக்கு வரும் புதிய எழுதுவினைஞர்களுக்கு நான் முதல் நாளே படிப்பித்த விதி இது. படிப்பித்துவிட்டு, "எப்போது கையொப்பம்?" என்று கேட்பேன். "கண்ட பின்னர்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களை எழுப்பி நிறுத்தியும் இருக்கிறேன்.

மகளுக்காக வாங்கிய மடிக்கணினி கற்பிட்டியில் எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் பொதியைப் பிரிக்கவில்லை.

அன்று காலை முன்னறையில் எனக்கு எதிரே இரண்டு பேர் இருந்தார்கள். எத்தாளையில் இருந்து காணி எல்லை விவகாரம் ஒன்றுக்கு மனு எழுதுவிக்க வந்தவர்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து இப்படி யாராவது வருவார்கள். காசு வாங்குவதில்லை. மரியாதையை மட்டும் வாங்குவேன், அதில் விலைக் கழிவு கொடுப்பதில்லை. பொதியைக் கொண்டுவந்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே தாளை நீட்டினார்.

"சேர், இதில ஒரு சைன்."

இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் பேனையைத் திறந்தேன். கையொப்பத்துக்கு மேலே, யாரும் கேட்காமலே, "பரிசோதித்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதினேன். கீழே நான் வகித்த பதவியையும் எழுதி, அடைப்புக்குறிக்குள் "ஓய்வு" என்றும் போட்டேன்.

"இவ்வளவு எழுதத் தேவையில்ல சேர். ஒரு கீறு கீறினாலும் காணும்" என்றார் அவர்.

"முறை என்று ஒன்று இருக்கிறது" என்றேன். எத்தாளைக்காரர்கள் இருவரும் தலையை ஆட்டினார்கள். பொதி அப்போது எனது மேசையில் ஒட்டுப்பட்டி கூடப் பிரிக்கப்படாமல் கிடந்தது.

அந்த மடிக்கணினி எதற்கு என்பதைச் சொல்ல வேண்டும். மகளின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். பேத்தி பிறந்து நாற்பதாம் நாள் கழிந்த கையோடு போனவர். பேத்தி இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். தகப்பன் என்றால் அவளுக்குத் தொலைபேசியில் தெரியும் ஒரு முகம், சில நேரம் காதும் கன்னமும் மட்டும். மகளுக்கு மூன்று மொழியும் நன்றாக வரும். வீட்டிலிருந்தபடியே மொழிபெயர்க்கும் வேலை ஒன்றுக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்று அறிந்து விண்ணப்பித்திருந்தாள். கணினியில், கமெராவுக்கு முன்னால் இருந்து எழுதும் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். வேலை கிடைத்தால், கட்டார் ஒப்பந்தம் முடிந்ததும் கணவர் அதைப் புதுப்பிக்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு ஒப்பந்தம், இன்னும் சில வருடம்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்தேன். மகள் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, இதில வைஃபை இல்ல."

"சரியாப் பாருங்க. விளம்பரத்தில ஈக்குது எண்டு போட்டிருந்தானே."

"பாத்துட்டேன். அந்தப் பார்ட்டையே கழட்டி எடுத்திருக்காங்க."

வெளிநாட்டில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பாவித்து, துடைத்து, இங்கே விற்பனைக்கு வந்த கணினி அது. எந்தத் தேசத்திலோ என்னைப் போன்ற ஒருவர், பாதுகாப்புச் சுற்றறிக்கை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் கணினிகளிலும் அந்த உறுப்பைக் கழற்றச் சொல்லியிருப்பார். அதில் அவருக்கு ஒரு திருப்தியும் இருந்திருக்கும்.

மகள், அதை விற்ற கொழும்புக் கடைக்கு அழைப்பு எடுத்தாள். மறுமுனையில் பேசியவர் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, மிகவும் பணிவாக, "பரிசோதித்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக ஒரு பெரியவர் எழுதியே தந்திருக்கிறாரே" என்றார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அந்த வசனம் வீடு முழுவதும் கேட்டது. எனது வசனம்தான். இலக்கணச் சுத்தமாக இருந்தது.

மகள் தொலைபேசியை வைத்துவிட்டு, "பரவாயில்ல வாப்பா. டொங்கிள் ஒண்டு வாங்கினா முடிஞ்சி. நகத்தளவு சாமான். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னுக்குள்ள கடையிலேயே ஈக்குது. இந்த ஓட்டைக்குள்ள செருகினா வைஃபை வந்துடும்" என்றாள்.

நான் அப்போது "வாங்குங்க" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் இதை எழுதத் தேவை வந்திராது. ஆனால் எனது கையெழுத்து என்னைத் தோற்கடித்துவிட்டதே. அதை நேராக்காமல் எப்படி விடுவது?

"ஒண்டும் செருகக் கூடாது. சாமான் வந்த மாதிரியே இருக்க வேணும். நாம ஏதாவது செருகினா, நீங்கதான் மாத்தினீங்க எண்டு சொல்லிருவான். நான் எழுதுறன்."

எழுதினேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வராததால் முதலாம் நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் வராததால் இரண்டாம் நினைவூட்டலை, முதலாவதன் பிரதியை இணைத்து அனுப்பினேன். மடிக்கணினியை அது வந்த உறையிலேயே போட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சான்றுப் பொருளை அப்படித்தான் வைக்க வேண்டும்.

"இஞ்ச பாருங்களேன்," என்றாள் மனைவி ஒரு நாள், மீன் வெட்டிக்கொண்டே. "கடிதம் எழுதினா வைஃபை வருமா? கடைக்காரனுக்கு வாசிக்கத் தெரியுமோ என்னவோ."

"வாசிக்கத் தெரியாமலா எனது குறிப்பை வாசிச்சுக் காட்டினான்?"

"அதை எல்லாரும் வாசிச்சிட்டாங்க" என்றாள் அவள். "ஊருக்கே தெரியும்."

பரீட்சைக்கு ஒரு கிழமை இருந்தபோது மகள் முன்னறைக்கு வந்து நின்றாள். எனக்கு முன்னால் மகள் நிற்பதற்கும் மனுக்காரர் நிற்பதற்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். அன்று இருக்கவில்லை.

"வாப்பா, எனக்குப் பழகிப் பாக்க வேணும். சாவியத் தாங்க."

நான் சாவியைக் கொடுத்தேன். கூடவே ஒரு தீர்ப்பும் கொடுத்தேன். கணினியின் பக்கவாட்டில் கேபிள் செருகும் துவாரம் ஒன்று இருக்கிறது. அது தயாரிப்பாளரே வைத்தது. ஆகவே அதில் கேபிள் செருகுவது மாற்றம் செய்ததாகாது.

"டொங்கிள் செருகுற ஓட்டையும் அவங்க வெச்சதுதானே வாப்பா?"

"அது வேற" என்றேன். அவள் அலுமாரியைத் திறக்கப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் இணையம் வரும் ரவுட்டர் முன்னறை ஜன்னலில் இருக்கிறது. அங்கே மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். வீட்டில் இருந்த கேபிள் குட்டையானது. ஆகவே மகள் பரீட்சை எழுத வேண்டிய இடம் எனது மேசை, எனது கதிரை. அவளது அறை பின்பக்கம். கதவைப் பூட்டினால் காற்றுச் சத்தம் கூட நுழையாது. முன்னறைக்கும் கதவு இருந்தது, ஆனால் மனு கொண்டு வருபவர்கள் தட்டி நிற்கக் கூடாதென்று அதை நான்தான் கழற்றித் திரைச்சீலை போட்டிருந்தேன்.

பரீட்சைக்கு முதல் நாள் மகள் அச்செடுத்த தாள் ஒன்றை என்னிடம் தந்தாள்.

"ரூல்ஸ் வாப்பா. ஒருக்கா வாசிங்க."

"எத்தனை பரீட்சை நடத்தியிருக்கேன். எனக்குத் தெரியாத ரூல்ஸா?"

உண்மைதான், நான் பல வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வையாளராக இருந்தவன். தாளை நான்காக மடித்துப் பையில் போட்டேன். சாவி இருந்த பைதான்.

காலையில் மனைவி எனது நீளக் கைச் சட்டையை அழுத்தித் தந்தாள். எதற்கென்று கேட்டாள். பரீட்சைக்கு என்றேன். "பரீட்சை உங்களுக்கா, மகளுக்கா?" என்றாள். கமெராவில் வீடு தெரியும். பொறுப்புள்ள ஒருவரின் வீட்டில் ஒழுங்காக நடக்கிறது என்று அவர்கள் காணட்டும் என்பது எனது எண்ணம். இப்போது எழுதும்போது கன்னம் சுடுகிறது. அன்று அது ஓர் உதவி என்றே நினைத்தேன்.

மனைவி பேத்தியைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். மகள் பிஸ்மி சொல்லிப் பரீட்சையை ஆரம்பித்தாள். எல்லோரும் போய்விட்டோம் என்று அவள் நினைத்திருப்பாள். நான் திரைச்சீலைக்கு வெளியே சிறிது நேரம் இருந்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே வந்து சுவரோரம் நின்றேன். பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாக அங்குமிங்கும் நடந்தேன். மண்டபத்தில் அப்படித்தான் நடப்போம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். பரீட்சார்த்தியின் கவனம் கலையக் கூடாது.

திரையில் சிவப்பாக ஏதோ தோன்றி மறைந்தது. மகளின் முதுகு நிமிர்ந்தது. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், வாயைத் திறக்காமல், வலது கையை மட்டும் மேலே தூக்கி அசைத்தாள்.

பரீட்சை மண்டபத்தில் கை உயர்ந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எழுதத் தாள் முடிந்துவிட்டது. அவள் தாளில் எழுதவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. கால்கள் தாமாக அலுமாரிப் பக்கம் போயின. கோடு போட்ட தாள் சிலவற்றை எடுத்தேன். ஓரங்களைத் தட்டிச் சீராக்கினேன். அவளிடம் போய், குனிந்து, விசைப்பலகைக்கு இடப்பக்கம் வைத்தேன். நிமிரும்போது திரையின் மூலையில் இருந்த சின்னச் சதுரத்துக்குள் இரண்டு முகங்களைக் கண்டேன். ஒன்று மகளுடையது. மற்றது நீளக் கைச் சட்டை போட்ட ஒரு கிழவனுடையது.

பிறகு திரை வெள்ளையாகியது. நடுவில் ஆங்கிலத்தில் மூன்று வரி. அறையில் வேறொருவர் இருக்கிறார் என்று முன்னரே எச்சரித்ததாகவும், அவர் பரீட்சார்த்தியிடம் தாள்கள் கொடுத்ததாகவும், ஆகவே பரீட்சை முடிக்கப்பட்டதாகவும். நேர்மையான அறிக்கை. நான் மேற்பார்வையாளராக இருந்திருந்தால் இதையேதான் எழுதியிருப்பேன்.

"போங்க எண்டுதான் கை காட்டினன் வாப்பா" என்றாள் மகள்.

அவள் கத்தவில்லை. கேபிளைக் கழற்றினாள். அதை வட்டமாகச் சுற்றினாள், அவசரமில்லாமல், கிணற்றுக் கயிற்றைச் சுற்றுவது போல. நான் கொடுத்த தாள்களுக்கு மேலே வைத்தாள். கணினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவள் கட்டாருக்குப் பேசுவது கேட்டது. என்ன சொன்னாள் என்பது விளங்கவில்லை. என்னைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, நடுவில் ஒரு வசனம் தெளிவாக வந்தது: "லைன் கட்டாகிட்டு." கணவரிடம் கூட அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

பையிலிருந்த தாளை அப்போதுதான் விரித்தேன். முதலாவது விதியே அதுதான். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

பின்னேரம் அவளது அறை வாசலில் போய் நின்றேன். "மேன்முறையீடு ஒண்டு செய்யலாம் மகள். தவறு என்னுடையது எண்டு நானே எழுதி..."

"வேணாம் வாப்பா." உடனே சொன்னாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க எழுத வேணாம். நான் கேட்டுப் பாக்கிறன்."

அவளே கேட்டாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. இம்முறை முடியாது, அடுத்த முறை ஆட்கள் எடுக்கும்போது விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்ததாக மனைவி சொன்னாள். அடுத்த முறை எப்போது என்று தெரியாது. மருமகனின் ஒப்பந்தம் முடிய அதிக காலமும் இல்லை.

மறுநாள் மனைவி ஓட்டோ பிடித்துக் கடைக்குப் போய்வந்தாள். சீலைத் தலைப்பிலிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்து மகளிடம் கொடுத்தாள். என்னிடம் திரும்பி, "உங்கட கேஸுக்குச் சாட்சி கெட்டுப் போகும் எண்டா போகட்டும்" என்றாள்.

மகள் சொன்னது சரி, நகத்தளவுதான். செருகியதும் வேலை செய்யவில்லை. அதற்குரிய மென்பொருள் சீடி இறுவட்டு ஒன்றில் வந்திருந்தது. கணினியில் இறுவட்டு போடும் இடம் இல்லை. இணையத்திலிருந்து இறக்க வேண்டும். ஆகவே கடைசியாக ஒருமுறை கேபிளோடு முன்னறைக்கு வந்தாள். நான் எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். செருகிய இடம் தளர்ந்திருந்ததால் இணைப்பு விட்டுவிட்டு வந்தது.

"வாப்பா, இதக் கொஞ்சம் அமத்திப் பிடிங்க."

பிடித்தேன். பரீட்சைக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் வேலை. இறங்கி முடியும் வரை, குனிந்தபடி, விரலை எடுக்காமல் நின்றேன். முதுகு வலித்தது. சொல்லவில்லை. முடிவில் அந்த நகத்தளவுச் சாமானில் பச்சை வெளிச்சம் ஒன்று சிமிட்டியது. திரையில் எங்கள் வீட்டு இணைப்பின் பெயர் வந்தது.

"விடுங்க வாப்பா, சரி" என்றாள். கேபிள் இல்லாமல் கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்கு நடந்தாள். பின்னறை வரை இணைப்பு போனது. டொங்கிளை அன்றே வாங்கியிருந்தால் முன்பே போயிருக்கும்.

அடுத்த முறை வந்தது காற்றுக்காலத்தில். மருமகன் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று சொல்ல வேண்டிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சையன்று மகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே சாரத்தோடு வெளியே போய், கேற்றுக்கு அப்பால் ஒழுங்கையில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் போட்டு இருந்தேன். மணல் கண்ணுக்குள் வந்து விழுந்தது. உச்சமுனையிலிருந்து படகு அனுமதி விஷயமாக அடிக்கடி வரும் ஒருவர் தாள்களோடு வந்தார்.

"என்ன சேர், பெட்டிசன் எழுதுற கந்தோர ரோட்டுக்கு மாத்திட்டீங்களா?"

"உள்ளே பரீட்சை நடக்குது."

"அப்ப நீங்க உள்ளுக்கல்லவா இருக்க வேணும்? நீங்கதானே பரீட்சைக்குப் பெரியாள்."

"எனக்கு உள்ளே போக அனுமதி இல்ல" என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார். எனது முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "யாரு போட்ட சட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

"பழைய சட்டம்தான். நான் வாசிக்கல்ல."

அந்த நேரம் பார்த்து ஒழுங்கையால் கழுதைக் கூட்டம் ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அவற்றுக்கும் எங்களைப் போலவே எல்லாத் தெருவிலும் உரிமை உண்டு. முன்னால் வந்தது எங்கள் மதிலோரம் நின்று, கழுத்தை நீட்டியது. அது கத்த ஆரம்பித்தால் புத்தளம் வரை கேட்கும். நான் கதிரையை விட்டு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, சத்தம் போடாமல் இரண்டு கையையும் விரித்து அதன் முன்னால் நின்றேன். உச்சமுனைக்காரரும் தாள்களை இடுப்பில் செருகிவிட்டு மறுபக்கம் வந்து நின்றார். வாயைத் திறக்காமல் கழுதைகளை ஒழுங்கை முனை வரை கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது, "சேர், பெட்டிசன் எழுதுறதை விட இது கஷ்டம்" என்று காதோடு சொன்னார். பரீட்சை முடியும் வரை அவரும் போகவில்லை.

மகள் வெளியே வந்து எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி தந்தாள். எப்படி எழுதினீங்க என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகும் கேட்கவில்லை. கடைக்கு எழுதிய கடிதங்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. மூன்றாம் நினைவூட்டலை நான் அனுப்பவும் இல்லை. வீட்டில் தொலைபேசி ஒலித்தால் மட்டும் காது அந்தப் பக்கம் போகும். மகளும் மனைவியும் குசினியில் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போனால் கதை மீன் விலைக்கு மாறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிட இருந்தோம். பேத்தி சோற்றைப் பிசைந்துகொண்டே, மிகச் சாதாரணமாக, "எங்கட வாப்பா வாறாரு. திரும்பப் போக மாட்டாரு" என்றாள்.

மனைவி கறிச் சட்டியைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள்.

"வேல கிடைச்சிட்டு வாப்பா," என்றாள். "சைன் பண்ணி அனுப்பிட்டன். அனுப்பி முடிஞ்ச பிறகு உங்களுக்குச் சொல்லலாம் எண்டு..."

மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. நியமனக் கடிதம் எனது கைக்கு வந்தால் நான் என்ன செய்வேன் என்று அந்த மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வாசகங்களைத் திருத்துவேன். ஒரு விளக்கம் கோருவேன். அலுமாரியில் வைப்பேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. பதில் எப்போது வந்தது என்று கேட்டுவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை" என்றாள். சோற்றைப் பார்த்துக்கொண்டு, சற்றுப் பொறுத்து, திருத்திச் சொன்னாள். "போன வெள்ளி இல்ல வாப்பா. அதுக்கு முந்தின வெள்ளி."